ஊழியப் பாதையில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். பல ஆண்டுகளாக ஒரே பணித்தளத்தில் ஊழியம் செய்துவருகிறேன். மக்கள் என்னை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள். நான் சொல்வதையும் மரியாதையோடு கேட்கிறார்கள். ஆனால் ஞானஸ்நானம் பெற ஒருவர்கூட முன்வரவில்லை. என்னைத் தாங்கும் சபைகளுக்கு அறிக்கை எழுத உட்காரும்போதெல்லாம் கை கூசுகிறது. என் அழைப்பே தவறோ என்று கலங்குகிறேன். — ஒரு மிஷனரி

பதில்: அன்புள்ள சகோதரரே, இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்தில் வந்திறங்கினார். ஆனால் முதற்பலனாகக் கிருஷ்ண பால் என்னும் தச்சருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில்தான். ராபர்ட் மாரிசன் 1807இல் சீனாவை அடைந்து, முதல் விசுவாசிக்காக 1814 வரை காத்திருந்தார். அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவின் ரங்கூனுக்குப் போய், 1819இல்தான் ஒருவரை ஞானஸ்நானத் தண்ணீரில் இறக்கினார். ஆகவே நீங்களும் பொறுத்திருங்கள், உங்களுக்கும் அறுவடை வரும் என்று அந்தப் பதில் முடியும். அதில் சொல்லப்படும் வரலாறு உண்மைதான். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. காத்திருந்து பலன் கண்டவர்களின் பெயர்களே நம்மிடம் தங்கியிருக்கின்றன. காணாமலே கல்லறைக்குப் போனவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத யாரும் முன்வருவதில்லை. ஏழாம் ஆண்டில் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு உறுதிகூறினால், எட்டாம் ஆண்டில் உங்கள் விசுவாசத்தை உடைப்பவனாக நானே இருப்பேன்.

"நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இந்த வசனத்தை நாம் தாழ்மைக்கு உதாரணமாக மட்டுமே மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் பவுல் அதை எழுதியது, நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. அதாவது ஊழியரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு எடைபோடும் பழக்கம் முதல் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அப்போதே அது கண்டிக்கவும் பட்டது. யோவான் ஆறாம் அதிகாரத்தில் திரளான சீடர்கள் பின்வாங்கிப் போனபோது, ஆண்டவர் அவர்கள் பின்னால் ஓடவில்லை. மீதியிருந்த பன்னிருவரிடமும் "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்றே கேட்டார். அன்றைய தினத்துக்கான ஊழிய அறிக்கையை அந்தச் சீடர்களில் ஒருவர் எழுதியிருந்தால், அதை எந்த மிஷனரிச் சங்கமும் தன் மாத இதழில் வெளியிட்டிருக்காது.

கிருஷ்ண பாலின் கதையிலும் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி ஒன்று இருக்கிறது. அவர் தோள்பட்டை விலகிய வலியோடு மருத்துவ உதவி தேடினார். கேரியின் உடன் ஊழியரான டாக்டர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது. அத்தனை ஆண்டுகள் செய்த பிரசங்கங்களில் எது அவரைத் தொட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளில் அந்தத் தாமஸே சித்தம் கலங்கி அடைத்துவைக்கப்பட்டிருந்தார் என்பதையும், எதிர்ப்புறத்து அறையில் கேரியின் மனைவி டாரதி மனநோயால் அலறிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த நாளின் வரலாறு முழுமையாகும். முதற்பலன் கிடைத்த நாள் அந்த வீட்டுக்கு வெற்றியின் நாளாக மட்டும் இருக்கவில்லை.

உங்கள் அழைப்பைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஞானஸ்நானப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு வேறு சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த மக்களின் மொழியில் நகைச்சுவை புரிந்து சிரிக்கும் அளவுக்குத் தேறிவிட்டீர்களா? ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபின் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்ததற்கு அந்த மணலே அடித்தளம். வீட்டில் சாவு விழுந்தால் உங்களுக்குச் சொல்லியனுப்புகிறார்களா? உங்களிடம் கடுமையாக வாதிடும் அளவுக்கு யாராவது உங்களை நெருங்கியிருக்கிறார்களா? மரியாதையோடு கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அந்த மரியாதையைப் பற்றித்தான். விருந்தாளியிடம்தான் மனிதர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். இவற்றையெல்லாம் பார்த்தபின்பும் கதவு அடைபட்டதாகவே தோன்றினால், அனுபவமுள்ள ஓர் ஊழியரை வரவழைத்துச் சில நாட்கள் உங்களோடு தங்கச் செய்து, அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லும்படி கேளுங்கள். இடம் மாறுவது இழுக்கல்ல. பவுலுக்கு ஆசியா, பித்தினியா என்னும் ரோம மாகாணங்கள் தடுக்கப்பட்டதை அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது.

அறிக்கையைப் பொறுத்தவரை, நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "ஆர்வமாய் விசாரிக்கிறார்கள்", "பலர் மனம் திரும்பும் நிலையில் இருக்கிறார்கள்" போன்ற வாக்கியங்களை எழுதாதீர்கள். பணித்தளத்தில் அவற்றுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையை எழுதியதற்காக ஒரு சபை காணிக்கையை நிறுத்துமானால் அந்த இழப்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஊதிப் பெருக்கிய அறிக்கையால் வரும் காணிக்கை, அடுத்த அறிக்கையை இன்னும் ஊதச் சொல்லும்.

கேள்வி: ஐயா, நான் ஓர் ஊழியரின் மனைவி. எங்கள் குழந்தையை இழந்தபின் எனக்குத் தூக்கமில்லை, ஜெபிக்க வாய் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. விசுவாசக் குறைவு என்கிறார்கள் சிலர். மறைந்த பாவம் ஏதாவது இருக்கும் என்கிறார்கள் வேறு சிலர். மருத்துவரிடம் போனால் சாட்சி கெட்டுவிடும் என்று என் கணவர் அஞ்சுகிறார். — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மருத்துவரிடம் போங்கள். இந்தப் பத்தியின் மற்ற வரிகளை அதற்குப் பிறகு படித்தாலும் போதும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்திருந்தால், நாளைக்கென்று தள்ளாமல் இன்றே, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் தட்டியெழுப்பியபோது, அவன் கண்டிப்பு எதையும் கொண்டுவரவில்லை. சுட்ட அடையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்தான். எலியா சாப்பிட்டான், திரும்பவும் படுத்தான், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. உங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

பாவம் இருக்கும் என்று சொன்னவர்களுக்கு எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களை நினைவூட்டலாம். அவர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதே கெடுத்தார்கள், இறுதியில் தேவகோபத்துக்கும் ஆளானார்கள். விசுவாசம் இருந்தால் வியாதி தீரும் என்று கணக்குப் போடுபவர்கள், உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதியிருப்பதை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள்? அந்தப் பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன உபாதையும், மூன்றுமுறை வேண்டிக்கொண்டபின்பும் எடுக்கப்படவில்லை.

ஜட்சனைப் பற்றி மேலே சொன்னேன். போர்க்காலத்தில் ஆவா நகரச் சிறையில் சங்கிலியோடு கிடந்து மீண்டவர் அவர். 1826இல் மனைவி ஆன் இறந்தார்; சில மாதங்களில், 1827இல், சின்னஞ்சிறு மகள் மரியாவும் இறந்தாள். அதன்பின் ஜட்சன் மனிதர் நடமாட்டத்தை விட்டு விலகி, காட்டில் ஒரு குடிசை போட்டு, தனக்கென்று ஒரு குழி வெட்டி, அதன் அருகே உட்கார்ந்திருந்தார். மனைவியின் மூன்றாம் நினைவு நாளில், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று கடிதம் எழுதினார். பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை அவர் 1834இல் முடித்தார் என்பது உண்மை. ஆனால் அதைக் கொண்டுவந்து அந்தக் குழியை மூட எனக்கு மனமில்லை. அந்த ஆண்டுகளிலும் அவர் விசுவாசியாகத்தான் இருந்தார். 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் இருளிலேயே நிற்கிறது. அது வேதாகமத்தில் இருக்கிறது. ஜெபிக்க வாய் வராத நாட்களில் அதை வேறொருவர் வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இனி இது உங்கள் கணவருக்கு. ஐயா, டாரதி கேரி முதலில் இந்தியாவுக்கு வர மறுத்தவர். பயணம் தள்ளிப்போனதால் மறுபடியும் வற்புறுத்தப்பட்டு, பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தையோடும் தங்கையின் துணையோடும் கப்பலேறினார். மறு ஆண்டே, 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் கலங்கிய அவருடைய சித்தம் 1807இல் அவர் இறக்கும்வரை தெளியவில்லை. நம் பிரசங்கங்களில் இந்தப் பெண்மணியின் துயரம் எதற்குப் பயன்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள்: கேரியின் பொறுமைக்கு அணிகலனாக! அன்று அந்த நோய்க்குச் சரியான வைத்தியம் இல்லை. இன்று இருக்கிறது. உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு போகிறவர் நீங்களாகவே இருங்கள். அதனால் கெட்டுப்போகக்கூடிய சாட்சி எதுவோ, அது கெடட்டும்.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நோயாளிகளிடம் சுவிசேஷம் சொல்லலாமா? — ஒரு சகோதரி

பதில்: அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது சொல்லாதீர்கள். படுக்கையில் கிடப்பவருக்கு எழுந்து போகும் சுதந்திரம் இல்லை. தமக்கு ஊசி போடும் கையை மறுத்துப் பேசவும் அவருக்குத் துணிவு வராது. அந்த நிலையில் அவர் சொல்லும் "ஆம்" என்ற பதிலுக்கு மதிப்பில்லை. பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றிகூடச் சொல்லாமல் போனார்கள்; ஆண்டவர் அவர்கள் பெற்ற சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உங்களிடம் உள்ள நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவருக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றே பேதுருவும் எழுதுகிறார்.

கேள்வி: நானே சந்தேகத்தில் இருக்கும்போது பிரசங்கபீடத்தில் ஏறுவது மாய்மாலம் அல்லவா? — இறையியல் மாணவர்

பதில்: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் இதே கேள்வி இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியம் தோல்வியுற்றுத் திரும்பிய அவர், 1738இல் பிரசங்கிப்பதை நிறுத்திவிட நினைத்தபோது, மொராவிய சபையைச் சேர்ந்த பீட்டர் போலர், விசுவாசம் கிடைக்கும்வரை அதைப் பிரசங்கியுங்கள், கிடைத்தபின் கிடைத்ததனாலேயே பிரசங்கிப்பீர்கள் என்று ஆலோசனை கூறினார். வெஸ்லிக்கு அது உதவியது. எல்லாருக்கும் உதவும் என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகத்தில் இருப்பவர் வேதம் சொல்வதை விளக்கலாம், சபையோடு சேர்ந்து அறிக்கையிடலாம், ஜெபத்தில் நடத்தலாம்; இவை எதுவும் மாய்மாலம் அல்ல. தாம் அனுபவிக்காத சமாதானத்தைத் தம் சொந்தச் சாட்சியாகச் சொல்வதுதான் மாய்மாலம். சிறையிலிருந்த யோவான்ஸ்நானன், வருகிறவர் நீர்தானா அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி வந்த அதே நேரத்தில்தான், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை என்று ஆண்டவர் சொன்னார். உங்கள் சந்தேகத்தை நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் முழுமையாகச் சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்லாமல் மேடையில் மட்டும் உரத்துப் பேசிக்கொண்டே போனால் குரல் பழகிவிடும். கேள்வி அப்படியே இருக்கும்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகும்படி ஆண்டவர் சொல்வதாக உணர்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. — ஓர் இளைஞர்

பதில்: அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் (பவுலையும்) ஊழியத்துக்கெனப் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது, சபையாக ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தவர்களிடம். உங்கள் அழைப்பை உங்கள் சபையாரும் உணர்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வேலையை விட்டால்தான் ஊழியம் என்பதும் இல்லை; பவுல் கூடாரம் தைத்தார், கேரி முதல் ஆண்டுகளில் ஒரு நீலச்சாயத் தொழிற்கூடத்தை மேற்பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடன் இருந்தால் அதை அடைத்த பின்பு புறப்படுங்கள். திருமணமானவரா என்று எழுதவில்லை. ஆனவர் என்றால், இந்தக் கேள்வியை எனக்கு முன் உங்கள் மனைவியிடம் கேட்டிருக்க வேண்டும். இன்றே கேளுங்கள், அவர் யோசித்துத் தம் வாயால் பதில் சொல்லும்வரை எந்தச் சங்கத்தின் விண்ணப்பப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம்.