பழைய யாட் வாங்க சர்வே எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கிறேன். 1998-ல் கட்டிய 34 அடி ஃபைபர்கிளாஸ் யாட் (பாய்மரப் படகு) ஒன்றை 28,000 பவுண்டுக்குப் பேசியிருக்கிறேன். படகின் நிலையைச் சோதித்து ரிப்போர்ட் தரும் சர்வேயர் 750 பவுண்டு கேட்கிறார். படகைக் கரையேற்ற இன்னும் 300. விற்பவரோ மூன்று வருடத்துக்கு முன் எடுத்த சர்வே ரிப்போர்ட்டைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அது போதாதா? பின்னால் நான் விற்கும்போதும் இந்தச் செலவு உண்டா?

பதில்: போதாது. அந்த ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுத்தவர் அவர். அதில் பிழை இருந்தால் சர்வேயரிடம் நீங்கள் நஷ்டஈடு கேட்பது கஷ்டம். வாங்கிப் படியுங்கள், சரிசெய்யச் சொன்னவற்றைச் செய்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குத்தான் அது உதவும்.

நீங்கள் யோசிக்கும் 1,050 பவுண்டு, விலையில் நாலு சதவீதம்கூட இல்லை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்ற வேண்டியிருந்தாலே அதைவிட அதிகம் ஆகும். ஆனால் எனக்குப் பயம் பணத்தைவிடக் கீலில்தான், அதாவது படகு கவிழாமல் அடியில் பிடித்து நிறுத்தும் கனமான துடுப்பு போன்ற பாகத்தில்தான். 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து உங்கள் சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபிகி' என்ற யாட், நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. இருந்த நாலு பேரும் இறந்துபோனார்கள். முன்பு தரைதட்டியதும் பழுதுபார்த்ததும் கீலைப் பிடித்திருந்த அமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. இப்படிப்பட்ட சேதம் சில சமயம் சர்வேயருக்கே பிடிபடாது, நமக்கு எங்கே? அதனால் படகு எப்போதாவது தரைதட்டியதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சர்வேயரைக் கூப்பிடும் முன் அரைநாள் நீங்களே ஏறிப் பாருங்கள். மேல்தளத்தில் நடக்கும்போது கால் அமுங்கினால், ஃபைபர்கிளாஸுக்கு உள்ளே இருக்கும் பால்சா என்ற லேசான மரம் தண்ணீரில் ஊறியிருக்கக்கூடும். அப்படியென்றால் 1,050 மிச்சம், வேறு படகு தேடுங்கள். சரி, தேறிவிட்டதா? முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் 'சர்வேக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையும் அதற்கான கெடுவும் இருக்கிறதா பாருங்கள். பெரிய குறை வந்தால் விலையைக் குறைக்கவோ விலகிக்கொள்ளவோ அதுதான் பிடிமானம். இன்சூரன்ஸ்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். இந்த வயதுப் படகுக்குப் பெரும்பாலும் அவர்களே சர்வே கேட்பார்கள், ஒரே ரிப்போர்ட் இரண்டுக்கும் ஆகிவிடும். அப்புறம், சாதாரண சர்வேயில் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதற்கு மெக்கானிக் தனி.

விற்கும்போது? நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். விற்பவரின் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள் என்று இப்போதுதானே உங்களுக்குச் சொன்னேன்! அந்தக் காசில் இன்ஜினை சர்வீஸ் செய்து, இன்றிலிருந்து சேர்த்த ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வாங்குபவர் கையில் கொடுங்கள்.