மேசன் வேலையிலிருந்து கட்டடக்கலைக்கு: இடையில் நிற்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஐயா, சாதாரண தரம் வரை படித்தேன். ஏழு வருடமாக மேசன் வேலை. பிளானைப் பார்த்துக் கட்டத் தெரியும். கட்டடக்கலைஞராக வர ஆசை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் ஆர்க்கிடெக்சர் டிப்ளோமா எடுத்துத் தருவதாக ஹட்டனில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?"

கட்ட வேண்டாம். இலங்கையில் கட்டடக்கலைஞர் என்று பெயர் போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு வழக்கமான வழி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடப் பட்டம், இல்லையென்றால் கட்டடக்கலைஞர் நிறுவகம் கொழும்பில் நடத்தும் பாடசாலையின் படிப்பு. அதற்கு மேல் தொழிற்பயிற்சி, பரீட்சை. ஆறு மாதத் தாள் இதில் எங்கேயும் செல்லாது. இரண்டு வழிக்கும் உயர்தரம் வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். கணிதப் பிரிவில் படித்தவர் மட்டும்தான் சேரலாம் என்று சிலர் சொல்வது தவறு. எந்தெந்தப் பாடம் சரிவரும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. வயதை நினைத்துத் தயங்காதீர்கள். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா முதலில் வழக்கறிஞர்; கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. அவருக்கு வசதி இருந்தது, உண்மைதான். அதனால்தான் உங்களுக்கு, சம்பளத்தை விடாமல் போகும் வழியை முதலில் சொல்கிறேன்.

உங்கள் அனுபவத்தை நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை மூலம் மதிப்பிடச் செய்து, மேசன் வேலைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 3 அல்லது 4 ஆம் மட்டச் சான்றிதழ் எடுங்கள். அப்புறம் பிளான் வரையக் கற்றுத்தரும் படவரைஞர் வகுப்பு. பிறகு 5, 6 ஆம் மட்டத்து டிப்ளோமா. அங்கிருந்து இரத்மலானையில் உள்ள யுனிவோடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பட்டம் உங்களைக் கட்டடக்கலைஞர் ஆக்காது. ஆனால் கட்டடத் துறையில் கௌரவமான சம்பளம் கிடைக்கும்.

"மதிப்பீட்டுக்குக் காட்ட எனக்குச் சேவைக் கடிதம் தர ஆளில்லையே" என்பீர்கள். மலையகத்தில் பெரும்பாலான மேசன்மாருக்கு இதே கதைதான். நாட்கூலி, வேலை தரும் பாஸ் மாறிக்கொண்டே இருப்பார், இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. கடிதம் இல்லையென்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் கட்டிக்கொடுத்த வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். வேலையைப் படம் பிடித்து வையுங்கள்: அத்திவாரக் குழி, தூணுக்குக் கட்டிய கம்பி, மண் தாங்கும் சுவரில் தண்ணீர் வடிய வைத்த குழாய். பூசி முடித்த வீட்டின் முகப்புப் படத்தைவிட மூடுவதற்கு முன்னால் எடுத்த படம்தான் பேசும். கடைசியில் மதிப்பீட்டாளர் முன்னால் கையால் செய்து காட்டுவதுதான் பெரிது; அது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிறவரிடம், சில அலுவலகங்களில் படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பி வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். தமிழும் அரசகரும மொழி. தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

தனியார் வகுப்பில் சேருவதென்றால் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம்" என்று பலகை தொங்கும். நிறுவனத்தின் பதிவு வேறு, அந்தப் பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. தையல் வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு அதே பலகையின் கீழே படவரைஞர் வகுப்பு நடத்தலாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாடநெறியின் பெயரையே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சேராதீர்கள்.

வரையக் கற்ற பிறகு இன்னொரு ஆள் வருவார்: "நீ பிளானை வரை, தகுதி உள்ளவரின் கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன்." நம் பக்கத்தில் இது விளையாட்டல்ல. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்பது சும்மா இல்லை. 2014 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களே மண்ணுக்குள் போயின. சரிவைப் போய்ப் பார்க்காதவர் காசுக்குப் போடும் கையெழுத்தின் கீழே உங்கள் கோடு இருக்கக்கூடாது.

ஹட்டன்காரரிடம் ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். சாதாரண தரச் சான்றிதழின் மூலப் பிரதி அவரிடம் இருந்தால் பணத்துக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.