பெரிய அயனி போகும் துளையில் சின்னது ஏன் போகாது?

கேள்வி: வயது 46. வாந்திபேதிக்காக டாம்பெரிடோனும் (வாந்தி மாத்திரை) அசித்ரோமைசினும் (ஆன்டிபயாடிக்) சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ஒரே படபடப்பு. ஈசிஜி பார்த்த டாக்டர், "க்யூடி (இதயத்தசை துடித்து மறுபடி தயாராக எடுக்கும் நேரம்) நீண்டிருக்கிறது, பொட்டாசியமும் குறைவு. மாத்திரை பொட்டாசியம் சேனலை அடைத்திருக்கிறது" என்று இரண்டையும் நிறுத்திவிட்டார். நான் வேதியியல் ஆசிரியை. பொட்டாசியத்தைவிடச் சோடியம் அயனி சிறியது. பெரியது போகும் துளையில் சின்னது ஏன் போகாது? மாத்திரை எங்கே போய் அடைக்கிறது?

பதில்: செல் சவ்வில் அயனிகள் போகும் புரதத் துளையான சேனலைச் சல்லடை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது, டீச்சர். நீரில் எந்த அயனியும் தனியாக இருக்காது. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். சேனலின் மிகக் குறுகலான பகுதிக்குள் நுழைய அந்த நீரை உதற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். அங்கே சுவர் முழுக்கக் கார்பனைல் ஆக்சிஜன்கள் (புரதத்தின் C=O தொகுதியில் உள்ளவை). பொட்டாசியத்தின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம். எட்டு ஆக்சிஜன்கள் நீர் சூழ்ந்திருந்த அதே தொலைவில் அதைச் சூழ்வதால், இழந்தது அங்கேயே ஈடாகிவிடுகிறது. சோடியம் 0.95தான். ஆக்சிஜன்கள் அதற்கு எட்டாத தூரத்தில் நிற்கின்றன. நீரை விட்டு வர அதற்கு லாபமில்லை. சுமார் 10,000 பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம்தான் தப்பிப் போகும். ஒரு பாக்டீரியாவின் சேனலை வைத்து ராடரிக் மெக்கின்னன் 1998இல் இதைக் காட்டினார்; 2003இல் நோபல் கிடைத்தது. நம் இதயத்திலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

வகுப்பில் சொல்ல இன்னொன்று: கால்சியமும் சோடியமும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. கால்சியம் சேனலில் இவற்றைப் பிரிப்பது மின்னூட்டம். எதிர்மின்னூட்டமுள்ள நான்கு குளூட்டமேட்டுகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்துக்கு வழிவிடுவதில்லை. ஆய்வகத்தில் கால்சியத்தை அறவே நீக்கினால், அதே சேனலில் சோடியம் தாராளமாகப் போகும்!

மாத்திரை அந்தக் குறுகலுக்குள் போவதில்லை. செல்லுக்குள் நுழைந்து, சேனல் திறக்கும்போது அதற்குக் கீழே உள்ள குழியில் உட்கார்ந்துகொள்கிறது. இதயத்தின் 'ஹெர்க்' என்ற பொட்டாசியம் சேனலில் அந்தக் குழியின் சுவரில் அரோமேட்டிக் வளையங்கள். டாம்பெரிடோன் போன்ற பல மருந்துகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேறத் தாமதமாக, இதயத்தசை அடுத்த துடிப்புக்குத் தயாராவதும் தாமதமாகும். ஈசிஜியில் க்யூடி நீள்வது அதனால்தான். அசித்ரோமைசினும் க்யூடியை நீட்டக்கூடியதே.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் உள்ளிருப்பது இன்னும் வேகமாக வெளியேறும் என்றுதான் கணக்குப் போடுவீர்கள். ஹெர்க்கில் நேர்மாறு: வெளியே குறைந்தால் ஓட்டமும் குறையும், மருந்தும் இன்னும் இறுகப் பிடிக்கும். பேதியில் பொட்டாசியமும் வெளியேறிவிடும். டாம்பெரிடோன், அசித்ரோமைசின், பொட்டாசியக் குறைவு என உங்களுக்கு மூன்றும் சேர்ந்துவிட்டன.

பொட்டாசியம் சரியான பிறகு ஈசிஜியைத் திரும்ப எடுங்கள். அப்போதும் க்யூடி நீண்டிருந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தாலோ, இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஈசிஜியைக் காட்டுங்கள். ஆன்டான்செட்ரான் (வாந்தி மருந்து), லீவோஃபுளாக்சசின் (ஆன்டிபயாடிக்) எழுதும்போதும் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். மயக்கம் போட்டு விழுந்தால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.