கருவியல் ஆய்வகத்துக்குப் போக விரும்பும் மகள்: குடியாத்தம் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகளுக்கு நீட் தேர்வில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போக மாட்டேன், செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருவியல் நிபுணர் ஆவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். விசைத்தறி வருமானத்தில் எத்தனை வருடம் படிக்கவைக்க முடியும் என்று உங்கள் கணவர் கணக்குப் போடுகிறார். உங்களுக்கோ அந்த வேலையே சரிதானா என்ற சந்தேகம். இதற்கு நடுவில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆறு மாதச் சான்றிதழும் உடனடி வேலையும் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கிறது. முன்பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்த 2021இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் விதிகள் 2022இல் வெளியாயின. கருவியல் நிபுணராகப் பணியாற்ற என்ன தகுதி வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. மருத்துவக் கருவியலில் முதுகலைப் பட்டம், அதன் மேல் மனிதக் கருமுட்டையையும் கருவையும் கையாண்ட சில வருட ஆய்வக அனுபவம் என்பது முதன்மையான வழி. உயிரியல், உயிரித்தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் எம்.எஸ்.சி. முடித்தவர்களும் வரலாம், அவர்களுக்கு முழுநேரப் பயிற்சியும் கூடுதல் அனுபவமும் தேவை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஆறு மாதச் சான்றிதழ் என்ற வழி அதில் கிடையாது. அப்படிச் சான்றிதழ் வாங்கியவளை ஆய்வகத்தில் தட்டுக் கழுவவும் பதிவேடு எழுதவும் வைத்துக்கொள்வார்களே தவிர, கருவைத் தொட விட மாட்டார்கள். விடக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது அந்த வேலையைப் பார்த்தால் புரியும். மனிதக் கருமுட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு. பெண்ணின் உடலிலிருந்து அதை ஊசி மூலம் எடுப்பவர் மருத்துவர். எடுத்த திரவத்தை வாங்கி, நுண்ணோக்கியின் அடியில் கருமுட்டையைத் தேடிப் பிரிப்பவர் கருவியல் நிபுணர். இக்சி என்ற முறையில், ஒரு கண்ணாடிக் குழலால் கருமுட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை உள்ளே செலுத்துவதும் அவர்தான்.

மறுநாள் காலை, விந்தணுவைச் செலுத்தியதிலிருந்து 16 முதல் 18 மணி நேரத்துக்குள், கருமுட்டை இருக்கும் தட்டை இன்குபேட்டர் என்ற வெப்பம் காக்கும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். கருமுட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் அருகருகே தெரிந்தால், ஒன்று தாயின் மரபுப்பொருள், மற்றது தந்தையுடையது. கருவுறுதல் முறையாக நடந்திருக்கிறது என்று பொருள். மூன்று தெரிந்தால் அந்தக் கருவைப் பயன்படுத்த மாட்டார்கள். சில மணி நேரத்தில் அந்த வட்டங்கள் கலைந்துவிடும். தாமதமாக வந்தவருக்கு அவை எத்தனை இருந்தன என்று தெரியவே தெரியாது. ஞாயிறானாலும் பொங்கலானாலும் யாராவது ஒருவர் அந்த நேரத்துக்கு ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும். இதை உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாம் நாளில் நான்கு செல், மூன்றாம் நாளில் எட்டு செல். ஐந்து அல்லது ஆறாம் நாளில் அது பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது: உள்ளே திரவம், ஓர் ஓரமாகக் குழந்தையாக வளரக்கூடிய செல் கொத்து, சுற்றிலும் பின்னால் நஞ்சுக்கொடியாக மாறும் செல்கள். ஆய்வகத்தில் கருவுற்றவற்றில் ஏறக்குறையப் பாதிதான் இந்தக் கட்டம் வரை வருகின்றன. மற்றவை வழியிலேயே நின்றுவிடுகின்றன. பல சமயம் குரோமோசோம் எண்ணிக்கையில் உள்ள கோளாறே காரணம். ஆய்வகத்தில் இருப்பவர் எந்தத் தவறும் செய்யாமலே இது நடக்கும். அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு பெண் வெளியே அழுதுகொண்டிருக்கும்போது உள்ளே அடுத்தவரின் கருவைக் கை நடுங்காமல் கவனிக்க வேண்டும். என் பார்வையில் இந்தத் தொழிலின் கடினமான பகுதி இதுதான். படிப்புச் செலவைப் பற்றிப் பேசும் முன் மகளிடம் இதைப் பேசுங்கள்.

கைநேர்த்தியைவிடவும் முக்கியமான ஒன்று இருக்கிறது. தட்டில், குழாயில், கருவை உறையவைத்துப் பாதுகாக்கும் குச்சியில் எழுதப்பட்ட பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் சரி என்று சொன்னால் போதாது. வாசனைத் திரவியம், நகப்பூச்சு எதுவும் உள்ளே கூடாது. காற்றில் கலக்கும் வேதிப்பொருள் கருவைப் பாதிக்கும். உங்கள் மகள் பள்ளியில் ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதினாள்? தேதி போட்டு, அடித்தல் திருத்தல் மறைக்காமல் எழுதுகிற பிள்ளையா? அவளுடைய நீட் மதிப்பெண்ணைவிட அந்த நோட்டை நான் பார்க்க விரும்புகிறேன்.

இதை வெறும் ஒழுக்க உபதேசமாகச் சொல்லவில்லை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தார். அதே வருடம் அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு முகர்ஜியை நம்பவில்லை. அவமானப்படுத்தப்பட்டு, இடமாற்றம் செய்யப்பட்டு, 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாகியிருந்தது. அந்தச் சாதனையில் பங்குகொண்ட விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமாரே பின்னாளில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997இல் அறிவித்தார். தன் பெருமையைத் தானே விட்டுக்கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது. முகர்ஜிக்கு நியாயம் கிடைக்க அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் வழி செய்தன.

நீட் போய்விட்டதே என்று மகள் வருந்தினால் ஜீன் பர்டியைப் பற்றிச் சொல்லுங்கள். லூயிஸ் பிரவுன் பிறக்கக் காரணமான மூவரில் ராபர்ட் எட்வர்ட்ஸ் விஞ்ஞானி, பேட்ரிக் ஸ்டெப்டோ மருத்துவர். மூன்றாமவரான பர்டி, செவிலியர் பயிற்சி பெற்ற பெண். ஆய்வகத்தை நடத்தியவர் அவர். லூயிஸாக வளர்ந்த அந்தக் கரு பிரிவதை முதலில் கண்டவரும் அவரே. ஓல்டாம் நினைவுப் பலகையில் அவர் பெயரைச் சேர்க்கும்படி எட்வர்ட்ஸ் கேட்டும் அப்போது சேர்க்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகே அந்தப் பெயர் இடம்பெற்றது.

“உயிரோடு விளையாடுகிற வேலை, பாவம் இல்லையா” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் தங்களையே கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்காக மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று 1984இல் பிரிட்டனில் வார்னாக் குழு பரிந்துரைத்தது. ஏறத்தாழ அந்த நாளில்தான் கருவில் உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு தோன்றுகிறது. அதற்கு முன்பு ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகக்கூட ஆகலாம். 2016இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கருவை 13 நாள் வரை வளர்த்து, அந்த எல்லைக்காகவே நிறுத்திக்கொண்டன. 2021இல் ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கம் அந்தத் தடையைத் தளர்த்தியது. இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகள் 14 நாள் எல்லையை வைத்திருக்கின்றன. எல்லையைத் தாண்டலாமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இப்படி வாதம் நடக்கும் துறையில் மனசாட்சியுள்ள பிள்ளைகள் இருப்பதே நல்லது என்று நான் நம்புகிறேன்.

உறவினர்களிடமிருந்து ஒரு நெருக்கடி வரும். “ஆணா பெண்ணா என்று பார்த்து வைக்கச் சொல்” என்று யாராவது உங்களிடமே கேட்பார்கள். பாலினத் தேர்வு சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

இனி படிப்பு. இப்போதே “கருவியல்” என்று பெயர் போட்ட பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பி.எஸ்.சி. சேரட்டும். நீட் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் ஊரிசும் முத்துரங்கம் அரசுக் கல்லூரியும், காட்பாடியில் ஆக்சீலியமும் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்பதையும், செய்முறை வகுப்பில் மாணவர் தாமே நுண்ணோக்கியைத் தொடுகிறாரா என்பதையும் நேரில் போய்க் கேளுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

மூன்று வருடம் கழித்தும் ஆசை மாறவில்லை என்றால் மருத்துவக் கருவியல் எம்.எஸ்.சி.; மணிப்பாலில் இருக்கிறது, வேறு சில பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. தனியார் கட்டணம் கனமானது. அப்போது வங்கிக் கல்விக் கடன் வாங்கலாம். சேரும் முன், பயிற்சியில் மாணவர் கையால் எத்தனை முறை செய்ய விடுகிறார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆராய்ச்சியில் நாட்டம் பிறந்தால் எம்.எஸ்.சி.க்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். இனப்பெருக்க ஆய்வுக்கென்றே மும்பையில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஆசை மாறினாலும் நட்டமில்லை. அதே பி.எஸ்.சி.யோடு மரபியல், ரத்தப் பரிசோதனை, ஸ்டெம் செல் என்று திரும்பலாம். வேலூர் பாகாயத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கல்யாணக் கவலைக்கு வருகிறேன். வேலூர் காந்தி ரோட்டில் ஒரு முறை நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களில் குழந்தைக்காக வந்த தம்பதியரும் உண்டு. அவர்களுக்கு வேலை செய்கிறவள் என்று சொல்லிக்கொள்வதில் என்ன குறை? “ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் விஞ்ஞானி” என்று சொல்லுங்கள், அது உண்மை. அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீட்டில் உங்கள் மகள் வாழப் போவதும் கடினம்தான்.

அடுத்த வாரம் மகளோடு வாருங்கள், அப்பாவும் வரட்டும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளியில் படித்ததற்கான சான்று, அந்த ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தை அன்றே சேர்ந்து போட்டுவிடலாம். அந்தப் பயிற்சி நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தால், கல்லூரியில் சேர்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.