துணிக்கடை மென்பொருளில் ஒவ்வொரு சைஸையும் கலரையும் தனிப் பொருளாகப் பதிவதா, வேரியன்ட்டாக வைப்பதா?

வேரியன்ட்டாகவே வையுங்கள், அதாவது ஒரே பொருளுக்குக் கீழே வரும் சைஸ், கலர் வகைகளாக. ஆனால் எதை வேரியன்ட் ஆக்குவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் மொத்தக் கடையில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். ஆரம்பத்தில் எங்கள் மென்பொருளில் ‘ஆர்.என்.எஸ். வெள்ளை’ (கை வைத்த வட்டக் கழுத்து வெள்ளை பனியன்) என்று எல்லா சைஸுக்கும் சேர்த்து ஒரே பொருள்தான் இருந்தது. ஒரு நாள் வெளியூர் வியாபாரி போனில் 90 சைஸ் நாற்பது பீஸ் கேட்டார். திரையில் இருப்பு 46. அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். குடோனில் போய்ப் பார்த்தால் எல்லாம் 80-ம் 105-ம். 90 ஒரே ஒரு பெட்டி, உள்ளே பத்து பீஸ். 46 என்ற கணக்கு சரிதான், ஆனால் 90 போடுகிறவருக்கு 105-ஐக் கொடுக்க முடியாதே.

அப்புறம் ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகப் பதிந்தோம். ஒருவர் ‘வெள்ளை 90’ என்று போட்டார், இன்னொருவர் ‘90 வெள்ளை’ என்று போட்டார். ஒரே பெட்டிக்கு இரண்டு கணக்கு. மில் விலை ஏற்றினால் முப்பது நாற்பது இடத்தில் போய் மாற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போனால் அந்த சைஸ் மட்டும் பழைய விலையில் பில் ஆகும்.

வேரியன்ட் இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் தீர்வு. ஓடூ (Odoo) என்ற வணிக மென்பொருளில் பெயரும் விற்பனை விலையும் மேலே டெம்ப்ளேட்டில், அதாவது எல்லா வேரியன்ட்டுக்கும் பொதுவான பதிவில், ஒரே இடத்தில் இருக்கும். பார்கோடு, அடக்க விலை, இருப்பு எல்லாம் ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் தனி. பெரிய சைஸுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றால் அந்த சைஸுக்கு நேராக அதைப் போட்டால் போதும். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் (ERPNext) என்ற இன்னொரு மென்பொருளிலும் இதே ஏற்பாடுதான். அங்கே டெம்ப்ளேட்டை நேரடியாக பில்லில் போடவே விடாது, வேரியன்ட்டைத்தான் எடுக்க வேண்டும். அது நல்லதுதான்.

இப்போது எதை வேரியன்ட் ஆக்குவது? அலமாரி முன்னால் போய் நில்லுங்கள். தனியாக எண்ணி அடுக்குவது மட்டும் வேரியன்ட். ஏழு சைஸ், ஐந்து கலர் என்றால் 35. இதில் கிஃப்ட் பேக்கிங் மூன்று வகையையும் சேர்த்தால் 105 ஆகிவிடும். கிஃப்ட் பேக் போட்ட பனியனை யாரும் தனி அடுக்கில் வைப்பதில்லை, பில் போடும்போதுதான் கட்டித் தருகிறோம். சைஸ், கலர், பேக்கிங் போன்றவற்றை ஓடூவில் பண்பு (attribute) என்பார்கள்; பேக்கிங்கை வேரியன்ட் உருவாக்காத பண்பாக வையுங்கள். இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரு பொருளில் அந்தப் பண்பைப் பயன்படுத்திவிட்டால், வேரியன்ட் உருவாக்கும் முறையை அப்புறம் மாற்ற விடாது.

நீங்கள் ஷெர்வானி, லெஹங்கா மாதிரி விலை கூடிய துணியும் விற்கலாம். அங்கே ஜி.எஸ்.டி. வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. சின்ன சைஸ் 2,400, பெரிய சைஸ் 2,700 என்று வந்தால் ஒரே டிசைனுக்குள் இரண்டு வரி. ஓடூவில் வரி டெம்ப்ளேட்டோடு சேர்ந்தது, அதனால் அப்படிப்பட்டதை நான் இரண்டு டெம்ப்ளேட்டாகப் பிரித்துவிடுவேன். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் வரிக்கு விலை வரம்பு கொடுக்க இடம் இருக்கிறது.

வேரியன்ட்டுக்கு மாறும்போது பழைய பொருள்களை அழிக்காதீர்கள், முடக்கி மட்டும் வையுங்கள். பழைய பில்கள் அவற்றின் பெயரில்தான் இருக்கின்றன. நிதியாண்டு முடிகிற மார்ச் 31 இரவு கடை மூடியதும் சரக்கை எண்ணி, ஏப்ரல் 1 காலையில் புது வேரியன்ட்டுகளில் தொடக்க இருப்பாக ஏற்றிவிடுங்கள். எண்ணும்போது ஒருவர் பெட்டியைத் திறந்து சைஸை வாய்விட்டுச் சொல்லட்டும், இன்னொருவர் எழுதட்டும். பெட்டி மேல் ஒட்டிய சைஸும் உள்ளே இருக்கும் சைஸும் எங்களுக்கே சில பெட்டிகளில் ஒத்துப்போகவில்லை.