தலைமை போட்ட தப்புக் கணக்கு, ஊழியருக்கு வந்த லேஆஃப்: கேள்வி பதில்

போர்டு (இயக்குநர் குழு) கூட்டங்களில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு எழுதும் கம்பெனி செக்ரட்டரியாகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தலைமையின் தவறான முடிவால் ஊழியர்கள் வேலை இழப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை அனுப்பியபோது, இதற்குக் காரணமான முடிவுகளுக்கு முழுப் பொறுப்பேற்பதாக சுந்தர் பிச்சை எழுதினார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

பதவி அப்படியே இருந்தது. தவறு எங்கே நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2021 முடிவில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் சுமார் 1,56,500 பேர் இருந்தார்கள். 2022 முடிவில் 1,90,000க்கும் மேல். கொரோனா காலத்தில் எகிறிய இணைய வருமானம் அப்படியே நீடிக்கும் என்று நம்பி ஒரே வருடத்தில் 33,000க்கும் அதிகமானவர்களைச் சேர்த்தார்கள். அந்த நம்பிக்கை மேலே உள்ளவர்களுடையது. வேலை போனது கீழே இருந்தவர்களுக்கு.

2022க்கு அவருடைய மொத்த ஊதியம் சுமார் 22.6 கோடி டாலர். அதில் 21.8 கோடி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரும் பங்குகள். ஆகவே அதை ஒரே வருடச் சம்பளமாக எடுத்துக்கொள்வது சரியல்ல. லேஆஃபுக்கு முன்பே முடிவான தொகை அது. மிக உயர்ந்த பதவிகளில் உள்ளவர்களுக்குப் போனஸ் கணிசமாகக் குறையும் என்றும் சொன்னார். ஆனால் இந்த ஊதிய விவரம் வெளிவந்த அதே ஏப்ரலில் 7,000 கோடி டாலருக்குக் கம்பெனியே தன் பங்குகளைத் திரும்ப வாங்க போர்டு அனுமதி கொடுத்தது. கையில் பணமில்லாமல் ஆட்களை அனுப்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் என்பதால் நம்மில் பலர் இதைப் பேசத் தயங்குகிறார்கள். பெருமைப்படுங்கள், தப்பில்லை. கணக்கும் கேளுங்கள்.

கேள்வி: ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் ஜுக்கர்பெர்கும் "நான் தவறாகக் கணித்துவிட்டேன்" என்றார். அவரை போர்டு ஏன் நீக்கவில்லை?

நீக்க முடியாது. மெட்டாவில் இரண்டு வகைப் பங்குகள் உண்டு. ஒரு வகைக்குப் பங்குக்கு 1 ஓட்டு, இன்னொன்றுக்கு 10 ஓட்டு. 10 ஓட்டுப் பங்குகளில் பெரும்பகுதி அவர் கையில் இருப்பதால் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அவருடையது. போர்டில் யார் உட்காருவது என்பதையே அவர்தான் தீர்மானிக்கிறார். 2022 நவம்பரில் 11,000 பேர், 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேர் என்று அறிவிப்பு வந்தது. மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்துக்கான ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022இல் மட்டும் 1,370 கோடி டாலர் நஷ்டம். இவ்வளவு நடந்தும், அவர் ஒப்புக்கொண்டது அவராகவே ஒப்புக்கொண்டதுதான். கேட்க ஆளில்லை.

கேள்வி: வழக்குப் போட முடியாதா?

மோசடி வேறு, தப்புக் கணக்கு வேறு. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பலவும் பதிவாகியுள்ள டெலவேர் மாநிலத்தில், இயக்குநர்கள் நல்லெண்ணத்தோடு, விவரம் கேட்டறிந்து எடுத்த முடிவு தோற்றுப்போனால் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. கொடுத்த போனஸைத் திரும்பப் பிடிக்க 2022இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஆனால் அது நிதிக் கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தால்தான் பொருந்தும். அளவுக்கு மீறி ஆள் எடுத்ததற்குப் பொருந்தாது.

கேள்வி: கணக்கு தப்பிப்போனால் தண்டனை என்றால் எந்தத் தலைவர் துணிந்து முடிவெடுப்பார்? ரிஸ்க் இல்லாமல் தொழில் உண்டா சார்?

நியாயமான கேள்வி. தவறிய எல்லாத் தலைவரையும் தூக்கு என்று நான் சொல்லவில்லை. ரிஸ்க் பலித்தால் பங்குகளாகத் தலைவருக்குச் சேர்கிறது. பலிக்காவிட்டால் அந்த முடிவில் வாய் திறக்கவே வாய்ப்பில்லாத ஊழியரின் வேலை போகிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாதாவைப் பாருங்கள். வீ யு என்ற கேம் கருவியின் விற்பனை 90 லட்சம் என்ற கணிப்பை 28 லட்சமாகக் குறைக்க நேர்ந்தபோது, 2014இல் தன் சம்பளத்தை 5 மாதத்துக்குப் பாதியாக்கிக்கொண்டார். லாபத்தை உயர்த்திக் காட்ட ஆட்குறைப்பு செய்தால் மிச்சமிருப்பவர்களின் மனம் தளரும் என்று அதற்கு முந்தைய வருடமே முதலீட்டாளர்களிடம் சொன்னவர் அவர். ஜூம் நிறுவனர் எரிக் யுவான் 2023இல் சுமார் 1,300 பேரை அனுப்பியபோது தன் சம்பளத்தில் 98 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார், போனஸும் வேண்டாம் என்றார். அவருடைய சொத்து பங்குகளில்தான் இருக்கிறது, சம்பளம் அவருக்குச் சில்லறைதான். ஆனாலும் வெறும் கடிதத்தைவிட அது மேல்.

கேள்வி: தலைவரை மாற்றினால் லேஆஃப் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. 2024 ஆகஸ்டில் இன்டெல் சுமார் 15,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. டிசம்பரில் அதன் தலைமை நிர்வாகி பேட் கெல்சிங்கர் வெளியேறினார். 2025இல் அந்தப் பதவிக்கு லிப்-பு டான் வந்த பிறகும் ஆட்குறைப்பு தொடர்ந்தது.

கேள்வி: அண்ணா, என் தங்கை அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறாள். அவள் கம்பெனித் தலைவரும் பொறுப்பேற்பதாக மெயில் போட்டார். அதனால் அவளுக்கு என்ன பலன்?

தம்பி, மெயிலை விடுங்கள், கடைசிச் சம்பள நாள் எது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக அந்த நாளிலிருந்துதான் 60 நாள் அவகாசம் ஓடத் தொடங்கும், ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடியாமல் இருந்தால். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். சீவரன்ஸை (வேலை நீக்க இழப்பீட்டை) மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட, சில மாதம் சம்பளப் பட்டியலில் வைத்திருப்பதுதான் இவளைப் போன்றவர்களுக்கு உதவி. அதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கட்டும். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே பேசட்டும்.

கேள்வி: நான் சென்னையில் ஐடி. "நீங்களாகவே ரிசைன் பண்ணுங்க" என்கிறார்கள். இதற்கும் தலைமைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நீங்கள் ராஜினாமா செய்தால் அது லேஆஃப் கணக்கிலேயே வராது, தலைமைக்குக் கேள்வியும் வராது. அந்த அறையில் வைத்தே கையெழுத்துப் போடாதீர்கள். நேரம் கேளுங்கள், சொன்னதை மெயிலில் தரச் சொல்லுங்கள். 2015இல் ஒரு பெரிய ஐடி நிறுவனம் ஓர் ஊழியரைப் பணிநீக்கம் செய்ததற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததை நினைவில் வையுங்கள். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: போர்டில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் எழுதிய மினிட்ஸில் ஆள் சேர்க்கும் திட்டம் ஒரே வரியில் முடிந்துவிடும்: "அங்கீகரிக்கப்பட்டது." ஆட்குறைப்பு வரும்போது மட்டும் பக்கம் பக்கமாக இணைப்புகள், ஒரு எக்ஸெல் ஷீட். அதில் ஊழியர் எண், ரேட்டிங், சம்பளம் எல்லாம் இருக்கும். அந்த ஆட்களை எடுக்கச் சொன்ன திட்டம் யாருடையது என்ற பத்தி இருக்காது. அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்வேன். திட்டத்துக்கு ஒப்புதல் தரும் நாளிலேயே, இரண்டு வருடத்துக்குள் அதே பிரிவில் ஆட்குறைப்பு வந்தால் அதை முன்வைத்தவரின் போனஸும் பங்கும் நிறுத்தப்படும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் எழுத வைப்பேன். பிறகு கேட்டால் எந்தத் தலைவரும் சம்மதிக்க மாட்டார், ஒப்புதலுக்காகக் காத்திருக்கும்போது கேட்டால் சம்மதிப்பார்.

ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பது, ஆனால் யாரையும் கட்டாயமாக வெளியேற்றுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டது. வேலைகள் குறைவது என்னவோ உண்மை. ஆனால் அந்த மேஜையில் ஊழியர் தரப்பும் உட்கார்ந்திருந்தது.