சிகரெட் வரி: என் காசு, என் உடம்பு, மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: பதினைந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறேன். வரியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கெடுவது என் உடம்பு, போவது என் காசு, இதில் அடுத்தவருக்கு என்ன? பேசாமல் மலிவான பிராண்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள். விலை குறைந்தால் விஷம் குறையாது. 'லைட்' என்று விற்பதும் அப்படித்தான். அதன் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சுற்றிலும் ஊசி குத்தியது போலத் துளைகள் தெரியும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று கலந்து தார் அளவைக் குறைத்துக் காட்டும், ஆனால் நாம் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளையே மூடிவிடும், நிகோடின் போதவில்லை என்று இன்னும் ஆழமாகவும் இழுப்போம்.

அடுத்தவருக்கு என்ன என்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிறர் விடும் புகையால் மட்டும் வருடத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். புகைப்பழக்கத்தால் 2012-இல் உலகத்துக்கு ஏற்பட்ட செலவு சுமார் 1.4 லட்சம் கோடி டாலர் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதில் மருத்துவச் செலவு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மீதியெல்லாம் படுத்த படுக்கையானவர்களும் சீக்கிரம் போய்விட்டவர்களும் சம்பாதிக்காமல் போன பணம். அந்த இழப்பைச் சுமப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

'சீக்கிரம் இறந்தால் அரசுக்கு ஓய்வூதியம் மிச்சம்' என்றும் ஒரு வாதம் உண்டு. 2001-இல் செக் குடியரசில் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனத்துக்காகத் தயாரித்த அறிக்கை இப்படித்தான் கணக்குப் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மனிதர் சாவதை வரவில் எழுதும் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

விலை 10 சதவீதம் ஏறினால் விற்பனை ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் குறைகிறது. கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்களிடம் இன்னும் அதிகமாகக் குறையும். இன்னும் தொடங்காத பையனைத் தடுப்பதுதான் இந்த வரியின் பெரிய பலன் என்பேன். ஆனால் ஏழைகளிடம் வரியை வாங்கிக்கொண்டு, பழக்கத்தை விட எந்த உதவியும் செய்யாத அரசு செய்வது அநியாயம்தான். பிலிப்பைன்ஸ் 2012-இல் வரியைக் கூட்டியபோது, கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீட்டுக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கியது. அப்படிக் கேளுங்கள், நியாயம் இருக்கிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நாளைக்குப் பத்து என்றால் வருடத்துக்கு 3,650, அதாவது இருபது கொண்ட பாக்கெட் 182-க்கு மேல். நீங்கள் கொடுக்கும் விலையால் பெருக்கி, அந்தத் தொகையை வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பழக்கத்தை விட உதவும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் விலை அதிகம் போலத் தெரியும், ஆனால் அவை சில மாதங்களுக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒன்றை மட்டும் நம்புவதைவிட விட்டுவிடும் வாய்ப்பு கூடுதல். எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.